புத்தர் நடந்த ஊர்களைத் தேடி

வட இந்தியாவிலுள்ள பண்டைய பௌத்தத் தலங்களைக் காண நீங்கள் நண்பர்களோடு ஒரு குழுவாகப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாஞ்சி, சாரநாத், புத்த கயா, நாளந்தா, குசிநகரம், எல்லை தாண்டி நேபாளத்தில் லும்பினி என்று வழித்திட்டம் போட்டாயிற்று. ஒவ்வோர் ஊரிலும் வழிகாட்டி ஒருவர் கையை நீட்டி, "இதுதான் புத்தர் ஞானம் பெற்ற இடம்", "இதுதான் அவர் முதல் உபதேசம் செய்த இடம்" என்று சொல்லுவார். தலையை ஆட்டிவிட்டு, படம் பிடித்துக்கொண்டு, அடுத்த ஊருக்குப் போய்விடலாம். ஆனால் அறிவியல் பயிலும் உள்ளம் அத்துடன் நிற்காது. "அது எப்படித் தெரியும்?" என்று கேட்கும்.

இது வீண் கேள்வி அன்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன் இந்த ஊர்களில் பெரும்பாலானவை மண்மேடுகளாகக் கிடந்தன. அவை எவை என்று அருகில் வாழ்ந்தவர்களுக்கே தெரியாது. பர்மா, இலங்கை, திபெத்து ஆகிய நாட்டு மக்கள் புத்த கயாவை மறக்கவில்லை. யாத்திரிகர்கள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருந்தனர். மறந்தது புத்தர் பிறந்து வளர்ந்த வட்டாரமேயாகும். புத்தர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்றுகூட 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் சிலர் எண்ணினர்.

அப்படியானால் இன்று நாம் எதை நம்பி அந்த ஊர்களுக்குச் செல்கிறோம்? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் செய்து பார்ப்போம். குழுவில் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இருவர் எழுத்துகளைக் கவனிக்கட்டும், இருவர் அளவெடுக்கட்டும், இருவர் படம் வரையட்டும். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒருவரும் ஒன்றையும் பார்ப்பதில்லை!

எழும்பூரில் முதல் பாடம்

இரயிலேறும் முன் அரை நாள் ஒதுக்கி, சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அங்கே ஆந்திர மாநிலத்து அமராவதியிலிருந்து வந்த வெண்சுண்ணக்கல் சிற்பங்கள் உள்ளன. கிருஷ்ணை ஆற்றங்கரையில், கி. மு. 3ஆம் நூற்றாண்டு முதல் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த பெருந்தூபி ஒன்றின் துண்டுகள் அவை. தூபி என்பது உள்ளே அறையில்லாத திண்மையான மேடு. புத்தரின் அல்லது அடியார்களின் எலும்பு, சாம்பல் முதலியவற்றை ஒரு பேழையில் வைத்து, அதன்மேல் எழுப்புவது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வட்டாரத்து ஜமீன்தார் அங்கே ஒரு புதிய நகரைக் கட்டினார். அருகிலிருந்த மேட்டில் செங்கல்லும் கல்லும் நிறையக் கிடைத்தன. வேலையாட்கள் தோண்டி எடுத்தனர். 1797இல் காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி அங்கே சென்று பார்த்தார். 1816இல் அவர் மீண்டும் சென்றபோது, மேட்டின் நடுப்பகுதி குளமாக வெட்டப்பட்டிருந்தது. சுண்ணக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும் அல்லவா? சிற்பங்களுள் பல சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயின. எஞ்சியவற்றை மெக்கன்சியும் அவருடைய உதவியாளர்களும் வரைந்து வைத்தனர். பின்னர்க் காணாமற்போன சில கற்களுக்கு இன்று அந்த வரைபடங்களே சாட்சி. மீந்த கற்களுள் ஒரு பகுதி சென்னைக்கும் மற்றொரு பகுதி இலண்டனுக்கும் சென்றன.

இதுவே முதல் பாடம். பழம்பொருள் ஒன்று அழிந்தால் அது மீண்டும் முளைக்காது. அழியும் முன் அளந்தும் வரைந்தும் வைத்தால், அறிவாவது மிஞ்சும்.

சாஞ்சி: "உபயம்" காட்டிய வழி

சென்னையிலிருந்து தில்லி செல்லும் இருப்புப்பாதையில், போபாலுக்கு அப்பால் ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் இருக்கிறது சாஞ்சி. குன்றின்மேல் அரைக்கோள வடிவில் பெருந்தூபி தெரியும். அதன் நான்கு தோரண வாயில்களின் சிற்பங்கள் உலகப் புகழ் பெற்றவை. உங்கள் குழுவில் எழுத்தைக் கவனிப்பவர்கள், தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியை உற்றுப் பார்க்கட்டும். அங்கே நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகள் உள்ளன. அவை பிராமி எழுத்தில் அமைந்தவை. 1837ஆம் ஆண்டு வரை அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை.

கல்கத்தா நாணயச் சாலை அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் பிரின்செப் சாஞ்சிக் கல்வெட்டுகளின் படிகளைப் பெற்று ஆராய்ந்தார். அவை மிகச் சிறியவை. ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. இது ஏன்?

நம் ஊர்க் கோயிலை நினைத்துப் பாருங்கள். படிக்கல்லில், மணியில், மின்விசிறியில், குழல்விளக்கில்கூட "உபயம்" என்று எழுதியிருக்கும். தமிழ் அறியாத ஒருவர், பொருள் தோறும் ஒரே சொல் வருவதைக் கண்டால் என்ன நினைப்பார்? "இது கொடுத்தவர் பெயரைச் சொல்லும் குறிப்பாக இருக்க வேண்டும்" என்று ஊகிப்பார். பிரின்செப்பும் அவ்வாறே ஊகித்தார். அந்த இறுதிச் சொல் "தானம்" என்பது அவர் முடிவு. அதற்கு முன் நின்ற எழுத்து "இன்னாருடைய" என்னும் பொருள் தரும் "ஸ". இவ்வாறு சில எழுத்துகள் பிடிபட, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன.

அக்கல்வெட்டுகள் என்ன சொல்லின? வேலியின் தூண்களையும் குறுக்குக் கற்களையும் அளித்தவர்களுள் வணிகர்களும் துறவிகளும் இல்லறப் பெண்களும் உண்டு. தெற்குத் தோரணத்தில் ஒரு பகுதியைச் செதுக்கியவர்கள் விதிசை நகரத்துத் தந்தவேலைக் கலைஞர்கள்.

பிராமி எழுத்துப் பிடிபட்டதும், நாட்டின் பல மூலைகளிலும் ஊமையாய் நின்ற தூண்களும் பாறைகளும் பேசத் தொடங்கின. அவற்றில் "தேவானாம்பிய பியதசி" என்ற மன்னன் ஆணையிடுகிறான். யார் அவன்? இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜார்ஜ் டர்னர், பியதசி என்பது அசோகனின் மற்றொரு பெயர் என்று கண்டு எழுதினார். 1915இல் மஸ்கி என்னும் ஊரில் "அசோகன்" என்ற பெயரையே தாங்கிய கல்வெட்டுக் கிடைத்ததும் ஐயம் முற்றிலும் நீங்கியது. மதுரை வட்டாரக் குகைகளிலுள்ள தமிழ்-பிராமி எழுத்துகளை நாம் படிப்பதற்கும் அன்று திறந்த வழியே அடிப்படை.

சாரநாத்: செங்கல்லுக்காக இடிந்த தூபி

சாஞ்சியிலிருந்து இரயிலில் வாரணாசியை அடையலாம். அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் சாரநாத். ஐந்து சீடர்களுக்குப் புத்தர் முதல் உபதேசம் செய்த மான்சோலை இதுவே.

அங்கே தாமேக் தூபி ஓங்கி நிற்கிறது. அடித்தளம் உட்பட அதன் உயரம் சுமார் 43 மீட்டர். சற்றுத் தள்ளித் தரையில் செங்கல்லாலான பெரிய வட்டம் ஒன்று தெரியும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவர். நீங்கள் அங்கே நில்லுங்கள். அசோகர் காலத்தில் தொடங்கி, பலமுறை விரிவாக்கப்பட்ட தர்மராஜிக தூபியின் மிச்சம் அது.

1794இல் காசி மன்னரின் திவானாயிருந்த ஜகத் சிங்கின் ஆட்கள், வாரணாசியில் ஒரு கடைவீதி கட்டச் செங்கல் வேண்டி அதை இடித்தனர். உள்ளே ஒரு கற்பெட்டியும், அதற்குள் பச்சை நிறப் பளிங்குப் பேழையும், பேழைக்குள் எலும்புத் துண்டுகளும் மணிகளும் இருந்தன. எலும்புகளை முறைப்படி கங்கையில் விட்டுவிட்டனர். அவர்கள் அறிந்த வரையில் அது மரியாதையான செயலே. ஆனால் அந்த எலும்புகள் யாருடையவை என்ற கேள்விக்கு விடை காண இனி வழியில்லை.

சுமார் 40 ஆண்டுகள் கழித்து, அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் என்ற இளம் இராணுவப் பொறியாளர் அங்கே தோண்ட வந்தார். சிறு வயதில் ஜகத் சிங்கின் ஆட்களோடு வேலை செய்த முதியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். கற்பெட்டி கிடந்த இடத்தை அவரே காட்டினார். வெளிப்பெட்டி அப்படியே அங்கே கிடைத்தது. ஏட்டில் இல்லாத செய்தி ஒரு கூலியாளின் நினைவில் இருந்தது!

கன்னிங்ஹாம் பல சிலைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சிலவற்றை அங்கேயே விட்டுச் சென்றார். விட்டுச் சென்றவை என்ன ஆயின தெரியுமா? வருணை ஆற்றில் பாலம் கட்டியபோது, நீரோட்டம் அடித்தளத்தை அரிக்காதிருக்க அவற்றை வண்டியில் ஏற்றிப்போய் ஆற்றில் போட்டுவிட்டனர். இதனை வருத்தத்தோடு எழுதிவைத்தவரும் கன்னிங்ஹாமே. செங்கல்லுக்காகத் தூபியை இடித்தவர் ஒரு திவான். பாலத்துக்காகச் சிலைகளை ஆற்றில் போட்டது ஆங்கில ஆட்சி. அறியாமைக்கு இனம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1904-05இல் எர்டெல் என்ற பொறியாளர் முறையாகத் தோண்டியபோது அசோகரின் தூணும், நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் அதன் தலைப்பகுதியும் வெளிப்பட்டன. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள அச்சிங்கத் தலைப்பகுதிதான் 1950இல் நம் நாட்டின் சின்னத்துக்கு மூலவடிவம் ஆயிற்று. அது சாரநாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூணின் அடிப்பகுதி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்தத் தூணைக்கூட யாரேனும் பாலத்துக்கு எடுத்துப் போயிருந்தால் என்ற எண்ணம் எழாமற்போகாது.

புத்த கயா: ஒரு சிறு கல் காட்டிய உருவம்

வாரணாசியிலிருந்து கயாவுக்கு இரயில் உண்டு. கயாவிலிருந்து புத்த கயா சுமார் 12 கிலோமீட்டர். மகாபோதிக் கோயிலின் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ளது. அசோகர் எழுப்பிய முதற்கோயில் மறைந்து, கி. பி. 5, 6ஆம் நூற்றாண்டு வாக்கில் செங்கல்லால் எழுந்த அமைப்பு இது. செங்கற் கட்டடக் கலையில் இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய பெருஞ்சாதனைகளுள் ஒன்று எனலாம்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இது பாழடைந்து, மண் மூடி நின்றது. 1870-களில் பர்மிய மன்னர் மிண்டோன் பழுதுபார்க்க ஆட்களை அனுப்பினார். பக்தியோடு வந்த அவர்கள், இடத்தைத் துப்புரவு செய்யும் ஆர்வத்தில் பழைய அடித்தளங்களையும் பெயர்க்கத் தொடங்கினர். 1877இல் அரசு, ராஜேந்திரலால் மித்ரா என்ற வங்க அறிஞரை அனுப்பிப் பார்த்து வரச் செய்தது. பின்னர் 1880 முதல் 1884 வரை கன்னிங்ஹாமின் மேற்பார்வையில் பெக்ளர் திருப்பணியை நடத்தினார்.

இடிந்துபோன மேற்பகுதி முன்பு எப்படி இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இடிபாடுகளிடையே கோயிலைப் போலவே செதுக்கிய சிறு கல்வடிவம் ஒன்று கிடைத்தது. யாத்திரிகர்களுக்காக எப்போதோ ஒரு சிற்பி செய்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு கோயிலை எழுப்பினர். எனவே நீங்கள் காண்பது முழுவதும் பழமையும் அன்று. முழுவதும் புதுமையும் அன்று. எது எந்தக் காலத்தது என்று பிரித்துப் பார்ப்பது படம் வரைபவர்களின் வேலை.

போதி மரத்தையும் அவ்வாறே காணுங்கள். அங்கிருந்த பழைய அரசமரம் 1876இல் புயலில் விழுந்தது. அதன் கன்றை நட்டு வளர்த்ததே இன்று நிற்கும் மரம். புத்தர் அமர்ந்த அதே மரம் என்று யாராவது சொன்னால், அதன் வாரிசு என்று திருத்திக்கொள்ளலாம்.

நாளந்தா: சீன யாத்திரிகரின் கணக்கு

புத்த கயாவிலிருந்து பேருந்தில் ராஜகிருகத்தை அடைந்து, அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் சென்றால் நாளந்தா. இதைக் கண்டறிந்த முறை வேறு. இங்கே உதவியது ஒரு பயண நூல்.

கி. பி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தாம் சென்ற ஊர்களிடையே உள்ள தொலைவையும் திசையையும் "லீ" என்னும் சீன அளவில் குறித்துவைத்தார். அவருடைய நூல் 1857-58இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. 1861இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வாளராக அமர்த்தப்பட்ட கன்னிங்ஹாம், அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு பீகாரில் சுற்றினார். ராஜகிருகத்திலிருந்து குறித்த தொலைவில், பர்காவ் என்ற சிற்றூரின் அருகே செங்கல் மேடுகள் நீண்டு கிடந்தன. அங்கே கிடைத்த கல்வெட்டுகளிலும் நாளந்தா என்ற பெயர் இருந்தது. நூல், நிலம், எழுத்து ஆகிய மூன்றும் ஒரே விடையைத் தந்தன. பின்னர் 1915 முதல் 1937 வரை நடந்த அகழ்வாராய்ச்சியில், நாளந்தா மகாவிகாரையின் பெயர் பொறித்த முத்திரைகளே கிடைத்தன.

யுவான் சுவாங் இங்கே தங்கி, சீலபத்திரர் என்ற முதிய ஆசிரியரிடம் பயின்றார். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர். அவர் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று யுவான் சுவாங்கே எழுதியுள்ளார். வாயிற்காப்பாளர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லத் தவறியவர்களே மிகுதி என்றும் அவர் கூறுகிறார்.

யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதியவர் இங்கே 10,000 பேர் இருந்தனர் என்றார். சில பத்தாண்டுகள் கழித்து வந்த இ-சிங் என்ற மற்றொரு சீனத் துறவியோ 3,000க்கு மேற்பட்டோர் என்று எழுதினார். எது சரி? இதுவரை 11 விகாரைகள் தோண்டப்பட்டுள்ளன. உங்கள் குழு ஒரு விகாரையில் அறைகளை எண்ணட்டும். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்க முடியும் என்று அளந்து பெருக்கிப் பார்க்கட்டும். இன்னும் தோண்டாத நிலம் உண்டு என்பதையும் மறக்கலாகாது. நூல் சொல்வதை நிலத்தோடு ஒப்பிடுவதே வரலாற்றாசிரியரின் சோதனைச் சாலை.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்தியார் கில்ஜியின் படையெடுப்பால் இவ்வட்டாரத்துக் கல்வி நிலையங்கள் அழிவுற்றன. ஆயினும் 1235 வாக்கில் இங்கு வந்த தர்மசுவாமின் என்ற திபெத்தியத் துறவி, இடிபாடுகளிடையே முதுபெரும் ஆசிரியர் ஒருவர் சுமார் 70 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். நாளந்தாவில் நின்று இதை நினைப்பவர் கண் கலங்காமல் இருப்பது அரிது.

குசிநகரமும் லும்பினியும்

அங்கிருந்து வடக்கே கோரக்பூர் செல்லவேண்டும். கோரக்பூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 53 கிலோமீட்டரில் புத்தர் இறுதி எய்திய குசிநகரம் உள்ளது. கன்னிங்ஹாம் இவ்விடத்தைச் சுட்டினார்; அவருடைய உதவியாளர் கார்லைல் 1876இல் தோண்டியபோது, வலப்பக்கமாகப் படுத்த நிலையில் 6 மீட்டர் நீளமுள்ள புத்தர் சிலை துண்டு துண்டாகக் கிடைத்தது. அதைப் பொறுமையாகப் பொருத்தி எடுத்தார். ஆனாலும் அறிஞர் சிலர் ஒப்பவில்லை. பின்னர் அருகிலுள்ள தூபிக்குள், "நிர்வாண சைத்தியத்தில்" வைக்கப்பட்டதென்று பொறித்த செப்பேடு கிடைத்தபின்னரே ஐயம் தீர்ந்தது. ஐயப்பட்டவர்களைக் குறை கூற வேண்டாம். அவர்களால்தான் சான்று தேடப்பட்டது.

லும்பினி நேபாளத்தில் இருப்பதால், சோனௌலி எல்லையைக் கடக்க வாக்காளர் அட்டையோ கடவுச்சீட்டோ உடன் இருக்கட்டும். அங்கே மின்னலால் முறிந்த தூண் ஒன்று இருந்ததாக யுவான் சுவாங் எழுதியிருந்தார். 1896இல் அத்தூணின் அடியில் மண்ணை அகற்றியபோது அசோகர் கல்வெட்டு வெளிப்பட்டது. புத்தர் இங்கே பிறந்தார் என்றும், ஆகவே மன்னன் தன் 20ஆம் ஆட்சியாண்டில் நேரில் வந்து வழிபட்டு, இவ்வூரின் வரியைக் குறைத்தான் என்றும் அது கூறுகிறது. புத்தர் பிறந்த இடத்துக்கு இதைவிடப் பழைய எழுத்துச் சான்று இல்லை. கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஃபியூரர், வேறிடங்களில் பொய்க் கண்டுபிடிப்புகளை எழுதி 1898இல் பதவி இழந்தார். எனினும் லும்பினித் தூண் மெய்யானதே. சான்றைக் கொண்டுவந்தவரைப் பார்த்து அன்று, சான்றைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.

எல்லைக்கு இப்பால், உத்தரப் பிரதேசத்துப் பிப்ரஹ்வாவில் 1898இல் பெப்பே என்ற நிலக்கிழார் ஒரு தூபியைத் தோண்டினார். புத்தரின் எலும்புகள் எனக் குறிக்கும் பிராமி எழுத்துடன் ஒரு பேழையும், நூற்றுக்கணக்கான மணிகளும் கிடைத்தன. அம்மணிகளுள் அவர் குடும்பத்தாரிடம் இருந்த பகுதி 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வர இருந்தது. இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்ததால் ஏலம் நின்று, ஜூலை மாதம் அவை இந்தியா திரும்பின.

ஊர் திரும்பிய பின்

பயணம் இத்துடன் முடியவில்லை. நாளந்தாவில் கிடைத்த செப்பேடு ஒன்று, சுவர்ணத்தீவத்துச் சைலேந்திர மன்னன் பாலபுத்திரதேவன் அங்கே ஒரு விகாரை கட்டியதாகவும், பாலமன்னன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களை அளித்ததாகவும் கூறுகிறது. இது 9ஆம் நூற்றாண்டு. கி. பி. 1000-ஐ ஒட்டி, அதே சைலேந்திரர் மரபினர் நம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டினர். முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். கடல் கடந்து வந்தவர் கட்ட, உள்நாட்டு மன்னன் ஊர் அளிக்கும் அதே முறை!

நாகப்பட்டினத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை பழைய செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. 1867இல் அதை இடித்துவிட்டனர். அவ்வூரில் மண்ணிலிருந்து கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புப் படிமங்களைக் கொண்டுதான் இன்று அந்த வாழ்வை நாம் அறிகிறோம். அவற்றுள் பலவற்றை, நீங்கள் புறப்பட்ட எழும்பூரிலேயே காணலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இப்பயணத்துக்கு ஏற்ற காலம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வடநாட்டு இரயில்கள் தாமதமாகும். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சாஞ்சி, சாரநாத், நாளந்தா அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அளவு நாடாவும் குறிப்பேடும் மறவாதீர்கள். நினைவுக்காக ஒரு செங்கல் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். நீங்கள் எடுக்கும் துண்டு எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதே அதன் பொருள். இடம் பெயர்ந்தால் அது வெறும் செங்கல்.

ஊர் திரும்பியதும், உங்கள் ஊர்ப்புறத்தில் பெயர் தெரியாத மேடு, படிக்கப்படாத கல், ஆற்றங்கரைச் சிலை ஏதேனும் உண்டா என்று பாருங்கள். இருந்தால் படம் வரைந்து, அளந்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அது பற்றி ஏதேனும் அறிந்த முதியவர் இருந்தால், இன்றே போய்க் கேளுங்கள். சாரநாத்தில் கற்பெட்டியைக் காட்டியது அப்படிப்பட்ட ஒரு முதியவர்தானே?